விஜயந்தாவின் வயிற்றுக்குள் பன்னிரண்டு தண்டுகள்

போன கோடை விடுமுறையில் பேரன் ஒரு படத்தை நீட்டி, "தாத்தா, இந்த விஜயந்தா டாங்கியைச் செய்யலாமா?" என்றான். லேத்தில் முப்பது வருடம் நின்றவனிடம் கேட்கிற கேள்வியா இது! நிஜத்தில் ஆறில் ஒரு பங்கு அளவு, பக்கத்துக்கு ஆறு சக்கரம். அச்சுகளை அடித்தகட்டில் நேராக இறுக்கி ஓட்டினோம். வாசல்படி இறங்கியபோதே இரண்டு அச்சு வளைந்துவிட்டது. "அப்போ நிஜ டாங்கி மட்டும் எப்படி தாத்தா ஓடுது?" என்றான். அதற்குப் பதில் தேடியதில் எனக்குத் தெரிய வந்தவைதான் இவை.

1916இல் போர்முனைக்கு வந்த முதல் பிரிட்டிஷ் டாங்கிகளுக்கு ஸ்பிரிங்கே கிடையாது, எங்கள் வண்டியைப் போலத்தான். மனிதன் நடக்கும் வேகத்தில் ஊர்ந்ததால் தாக்குப் பிடித்தன. உள்ளே இருந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

வேகத்தைக் கொண்டு வந்தவர் வால்டர் கிறிஸ்டி என்ற அமெரிக்கர். 1907இல் பிரெஞ்சு கிராண்ட் ப்ரீ பந்தயத்தில் கார் ஓட்டியவர். 1928இல் அவர் காட்டிய வண்டியில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனியாக ஒரு நீண்ட சுருள் ஸ்பிரிங். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மற்றவை தரையிலேயே இருக்கும். சொந்த நாட்டு ராணுவத்தோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. பீரங்கிக் கூண்டு இல்லாத இரண்டு வண்டிகளை விவசாய டிராக்டர் என்ற பெயரில் சோவியத் நாட்டுக்கு அனுப்பிவைத்தார்! அந்த வம்சத்தில் பிறந்ததுதான் புகழ்பெற்ற டி-34.

அதிலும் ஒரு குறை. அந்த ஸ்பிரிங்குகள் பக்கச் சுவரை ஒட்டி உள்ளே நின்றன. நாலு ஆட்களும் குண்டுகளும் இருக்க வேண்டிய இடத்தை அவை தின்றன. அதனால் பின்னால் வந்த டி-44இல் முறுக்குத் தண்டுக்கு மாறினார்கள். அதற்கு முன்பே, 1934இல், சுவீடனின் லாண்ட்ஸ்வெர்க் எல்-60 டாங்கியில் அது வந்துவிட்டது.

முறுக்குத் தண்டு என்பது வெறும் எஃகுத் தண்டுதான். டாங்கியின் தரைக்கு அடியில் குறுக்கே படுத்திருக்கும். ஒரு நுனி எதிர்ப்பக்கத்தில் அசையாமல் பிடிக்கப்பட்டிருக்கும், மறு நுனியில் சக்கரத்தின் கை. சக்கரம் மேலே போனால், ஈரத் துணியைப் பிழிவதுபோல் தண்டு முறுகும், பிறகு தானே திரும்பும். விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961இல் ஒப்பந்தம் போட்டு, 1965இல் நம் ஆவடியில் உருவாகத் தொடங்கிய விஜயந்தாவிலும் இதே முறைதான். சக்கரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தண்டு. அதன் பிறகு ஆவடியில் உருவான அர்ஜுனில் வாயுவும் எண்ணெயும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன.

சரி, எங்கள் வண்டிக்கு வருவோம். படத்தில் அளந்த தடிமனை ஆறால் வகுத்துக் கம்பி போட்டோம். கம்பி அசையவே இல்லை, வண்டி கல்லாக நின்றது. தாளை எடுத்துக் கணக்குப் போட்ட பிறகுதான் புரிந்தது. அளவு ஆறில் ஒன்றானால் எடை 216இல் ஒன்றாகிவிடும். நிஜ விஜயந்தா சுமார் 39 டன், அதன்படி 180 கிலோ வர வேண்டும். எங்களுடையது தகரமும் அலுமினியமும் சேர்ந்து 60 கிலோதான். கம்பியின் விறைப்போ தடிமனின் நான்காம் மடிப்பில் ஏறுகிறது. ஆக, நாங்கள் போட்டதில் பாதித் தடிமன் போதும்!

மெல்லிய கம்பி நன்றாக அசைந்தது, ஆனால் மூன்றாம் நாள் முறிந்தது. தவறு என்னுடையது. பிடிப்புக்காக நுனியில் கூர்மையான மூலையோடு வெட்டிவிட்டேன், சரியாக அங்கேயே போயிற்று. நிஜத் தண்டுகளில் நுனி தடித்திருக்கும், அங்கிருந்து நடுப்பகுதிக்குச் சரிவாக இறங்கும். மேற்பரப்பில் ஒரு கீறல் இருந்தாலும் ஆபத்து. தயாரிக்கும்போதே ஒரு திசையில் அளவுக்கு மேல் முறுக்கி வைப்பதால், இடப்பக்கத் தண்டை வலப்பக்கம் போட முடியாத வகையும் உண்டு.

மூலையை வளைவாக்கி, உப்புத்தாளால் கம்பியின் நீளவாக்கில் தேய்த்து, பன்னிரண்டையும் மறுபடி செய்தேன். பேரன் ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் வாசல்படி இறக்கினோம். முன்சக்கரம் மேலே போய்த் திரும்பி வந்தது. "இன்னொரு தடவை தாத்தா" என்றான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவன் அம்மா உள்ளிருந்து கத்தும்வரை இறக்கிக்கொண்டே இருந்தோம்.