கழுவெளியின் அயல் மீன்களும் அவற்றை ஒத்த நாட்டு மீன்களும்

விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் உப்பளங்களை ஒட்டிப் பரந்து கிடக்கும் கழுவெளி, மேற்கேயுள்ள ஏரிகளின் உபரிநீரை வாங்கி, எடையன்திட்டு கழிமுகத்தின் வழியாக வங்கக் கடலோடு இணையும் உவர்நீர்ச் சதுப்பு ஆகும். 2021இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இதில், உப்பின் அளவு பருவத்துக்குப் பருவம் மாறுவதால், ஏரி மீனும் கழி மீனும் ஒரே வலையில் ஏறக்கூடும். அயல் மீனை நாட்டு மீனிலிருந்து பிரித்தறிவது இங்கே கடினமாவதற்கு இதுவே முதற் காரணம்.

இரண்டாவது காரணம் பெயர்க் குழப்பம். ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்டு 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா (ஓரியோக்ரோமிஸ் மொசாம்பிகஸ்) மக்கள் வழக்கில் ஜிலேபிக் கெண்டை எனப்படுகிறது. கேரளத்தார் கரிமீன் என்று போற்றும் நாட்டு மீனாகிய எட்ரோப்ளஸ் சுராடென்சிஸ் தமிழில் செத்தக்கெண்டை எனப்படுகிறது. இவ்விரண்டும் உண்மையில் கெண்டையினம் அல்ல. தலையின் பக்கத்துக்கு ஒரே ஒரு நாசித்துளை கொண்ட சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1875 முதல் 1878 வரை பிரான்சிஸ் டே வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலில் இக்குடும்பத்துக்கு உரியனவாக எட்ரோப்ளஸ் வகைகள் மட்டுமே இடம்பெறுவதால், பழைய விளக்கங்களை மட்டும் நம்புவோர்க்குத் திலாப்பியாவைப் பிரித்தறியும் குறிப்பு எதுவும் கிடைக்காது.

செத்தக்கெண்டையின் உடல் தட்டையாகவும் உயரமாகவும் இருக்க, அதன் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் குறுக்குப் பட்டைகளும் செதில்களில் முத்துப் போன்ற வெண்புள்ளிகளும் தெரியும். எனினும் நிறத்தை நம்பி முடிவு செய்வது தவறு. இனப்பெருக்கக் காலத்து ஆண் திலாப்பியா கறுத்துத் தொண்டை வெளுத்துக் காணப்படும். அதே மீன் வேறு காலத்தில் சாம்பல் நிறமாகவும், மிரண்ட நிலையில் பட்டைகளோடும் தோன்றும். பனிக்கட்டியில் கிடந்த மீனிலோ எந்த நிறமும் சான்றாகாது. ஏமாற்றாத அடையாளம் குதத் துடுப்பில், அதாவது வயிற்றின் அடியில் வாலுக்கு முன்னுள்ள துடுப்பில், இருக்கிறது. திலாப்பியாவின் குதத் துடுப்பில் கடினமான முட்கள் பெரும்பாலும் மூன்றே, அரிதாக நான்கு. செத்தக்கெண்டையிலோ பன்னிரண்டு அல்லது பதின்மூன்று. சிறிய உறவான செல்லக்காசு மீனிலும் (சூடெட்ரோப்ளஸ் மாகுலேட்டஸ்) முட்கள் பன்னிரண்டுக்குக் குறைவதில்லை. ஆதலால் விரலளவுக் குஞ்சாயினும், செதில் உரசிய மீனாயினும், அத்துடுப்பை விரித்து எண்ணினாலே ஐயம் தீர்ந்துவிடும்.

வாழ்க்கை முறையும் வேறுபடுகிறது. செத்தக்கெண்டை நீரில் அமிழ்ந்த கல்லிலும் கட்டையிலும் முட்டைகளை ஒட்டி, ஆணும் பெண்ணும் சேர்ந்து காவல் காக்கும். திலாப்பியாவில் பெண் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாத்து, குஞ்சுகளையும் அவ்வாறே பேணும். கடல்நீரைவிட உப்பு மிகுந்த நீரையும் திலாப்பியா தாங்குவதால், உப்பளக் கால்வாய்கள் அதற்குத் தடையாக அமைவதில்லை.

பண்ணைகளில் வளர்க்கப்படும் நைல் திலாப்பியாவும் (ஓரியோக்ரோமிஸ் நைலோடிகஸ்) குதத் துடுப்பில் மூன்று முட்களே உடையது. வால் துடுப்பில் ஒழுங்காக அமைந்த குறுக்குக் கோடுகள் அதை மொசாம்பிக் வகையிலிருந்து பிரிக்கும். கிஃப்ட் என்று விற்கப்படும் மேம்படுத்தப்பட்ட ரகம் இதன் வழிவந்தது.

மத்திய அரசு வளர்க்கத் தடை விதித்துள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியில் (கிளாரியஸ் கேரியபினஸ்) பெயர்க் குழப்பம் இன்னும் ஆபத்தானது. செய்தித்தாள்கள் இதையும் தேளி என்று எழுதுகின்றன. ஆனால் தேளி என்னும் நாட்டு மீனுக்கு (ஹெட்டிரோப்நியூஸ்டஸ் பாசிலிஸ்) முதுகுத் துடுப்பு மிகக் குறுகியது, ஆப்பிரிக்கக் கெளுத்திக்கோ அது தலைக்குப் பின்னிருந்து வாலருகே வரை நீளும். நீண்ட முதுகுத் துடுப்புடைய நாட்டு மாகுரே (கிளாரியஸ் மாகுர்) அதற்கு உண்மையான ஒப்புமை. மாகுர் முழு வளர்ச்சியிலும் அரை மீட்டரைத் தாண்டுவது அரிது. அயல் இனமோ ஒரு மீட்டருக்கு மேலும் வளர்ந்து, பெரும்பாலும் பளிங்குக்கல் போன்ற திட்டுகளைக் காட்டும். இளம் மீனில் இவ்வேறுபாடுகள் தெளிவாக இராமையாலும், இரண்டும் கலந்த கலப்பினங்கள் இருப்பதாலும், குட்டையில் விட வாங்கும் சிறு குஞ்சுகளைக் கண்ணால் பார்த்தே இனம் சொல்வது ஏற்கத்தக்கதன்று.

கொசுப்புழுவை ஒழிப்பதற்காக 1928இல் இத்தாலியிலிருந்து தருவிக்கப்பட்ட கம்பூசியாவும், நாட்டு அப்லோகைலஸ் மீன்களும் நீர்மட்டத்தில் திரியும் விரலளவு மீன்கள். மேலிருந்து நோக்கினால் அப்லோகைலஸின் தலை உச்சியில் ஒரு வெண்புள்ளி மின்னும். கம்பூசியாவில் அது இராது. கம்பூசியா குட்டி ஈனும், அதன் ஆணின் குதத் துடுப்பு நீண்டு குச்சி போலிருக்கும், அப்லோகைலஸ் முட்டையிடும். கொசுப்புழுவைத் தின்னும் வேலையை நாட்டு மீனும் செய்கிறது.