ஏரிச் சேற்றில் குரோமியம்

மீன்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் கொண்டே உயிர் வாழ்கின்றன என்பதை மாணவர்கள் அறிவர். ஆனால் அந்த ஆக்சிஜனின் அளவு மிகச் சொற்பம். 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் தூய நீர் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனையே கரைத்து வைத்துக்கொள்ளும். இச்சிறு இருப்பு தீர்ந்துவிட்டால் ஏரியின் வேதியியலே மாறிவிடுகிறது. இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள வாணியம்பாடி, ஆம்பூர் முதலிய தோல் நகரங்களைப் பொறுத்தவரை, இந்த மாற்றத்தின் வரலாறு 19-ஆம் நூற்றாண்டின் இரு கண்டுபிடிப்புகளோடு தொடங்குகிறது.

இரு கண்டுபிடிப்புகள்

1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் தோல் பதனிடும் புதிய முறை ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். தோலை டைகுரோமேட் கரைசலில் ஊறவைத்துப் பின்னர் ஒடுக்க வினைக்கு உட்படுத்தினால், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் மூன்று இணைதிறன் நிலையை அடைந்து தோலின் இழைகளைப் பிணைக்கிறது.

1888-இல் புடாபெஸ்ட் நகரில் லாயோஷ் விங்க்ளர் என்பவர் நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க வழி கண்டார். புட்டியிலுள்ள நீரில் மாங்கனீசு உப்பையும் காரங்கலந்த அயோடைடையும் சேர்த்தால், ஆக்சிஜன் மாங்கனீசை ஆக்சிஜனேற்றம் செய்து பழுப்பு வீழ்படிவைத் தருகிறது. அமிலம் சேர்த்ததும் அம்மாங்கனீசு அயோடைடிலிருந்து அயோடினை விடுவிக்கிறது. அயோடினின் அளவைத் தயோசல்பேட்டால் கண்டறிந்தால் ஆக்சிஜனின் அளவு தெரிந்துவிடும்.

எலெக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம், பெறுவது ஒடுக்கம். இரு முறைகளுக்கும் அடிப்படை இதுவே.

பட்டையிலிருந்து குரோமியத்திற்கு

நம் நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டே தோல் பதனிடப்பட்டு வந்தது. 1903-இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமியப் பதனிடுதலைச் சோதித்துப் பார்த்தார். எனினும் அது பெருகியது பிற்காலத்தில்தான். 1973-இல் மத்திய அரசு கச்சாத் தோல் ஏற்றுமதிக்குத் தடையும், அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்கு அளவு வரம்பும் விதித்தது. முழுமையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதி வளர்ந்தது. அன்னியச் செலாவணி வந்தது. குரோமியமும் உடன் வந்தது.

சேற்றில் நிகழ்வது என்ன?

தோலின் உரோமத்தை நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும் பயன்படுகின்றன. சல்பைடிலுள்ள ஒரு கிராம் கந்தகம் சல்பேட்டாக மாற 2 கிராம் ஆக்சிஜன் தேவை. அது 260 லிட்டருக்கும் மேற்பட்ட தூய நீரின் முழு இருப்பு! கழிவிலுள்ள கொழுப்பும் புரதமும் எஞ்சியதையும் தீர்த்துவிடும். அதன்பின் பாக்டீரியாக்கள் நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என வரிசையாக நாடுகின்றன. இறுதியில் ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றம் எழுகிறது, சேறு கறுக்கிறது.

இத்தகைய சேற்றில் குரோமியம் பெரும்பாலும் மூன்று இணைதிறன் நிலையில், எளிதில் கரையாத ஹைட்ராக்சைடாகப் படிந்து கிடக்கும். மீனைக் கொல்லும் சேறே குரோமியத்தைக் கட்டியும் வைக்கிறது. ஆனால் இக்கட்டு நிலையானதன்று. காற்றோட்டமுள்ள ஈர மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இக்குரோமியத்தின் ஒரு பகுதியை ஆறு இணைதிறன் நிலைக்கு மாற்றக்கூடும் என்பதை 1979-இல் பார்ட்லெட், ஜேம்ஸ் என்னும் அமெரிக்க மண்ணியலாளர்கள் காட்டினர். விங்க்ளரின் புட்டியில் அயோடைடை ஆக்சிஜனேற்றம் செய்த அதே மாங்கனீசுதான்! ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் எளிதில் கரைவது; புற்றுநோய் விளைவிப்பது. கழிவுநீரை நீர்நிலைகளில் விடுவதற்கான இந்திய வரம்பு, மொத்தக் குரோமியத்திற்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம். ஆறு இணைதிறன் வகைக்கோ 0.1 மில்லிகிராம்தான்.

நீதிமன்றமும் நாமும்

வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு 1991-இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைகளைச் சூழ்ந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானதாக அதில் கூறப்பட்டது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைச் செலுத்த வேண்டும் என்னும் நெறி நம் சட்டத்தின் ஒரு பகுதியே என அத்தீர்ப்பு அறிவித்தது. 2025 ஜனவரியில் பாலாற்று மாசு குறித்து அந்நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. தீர்ப்பு விரைவில் எழுதப்படலாம். சேறு விரைவில் தூய்மையாவதில்லை.

கோடையில் ஏரி வண்டலை வாரி வயலில் இடுவது நம் உழவரின் பழைய, நல்ல வழக்கம். ஆனால் தோல் கழிவு சேர்ந்த ஏரியின் வண்டலை வயலுக்குக் கொண்டுசெல்வது, ஆக்சிஜனற்ற இருப்பிடத்திலிருந்து ஆக்சிஜன் மிகுந்த இடத்திற்குக் குரோமியத்தைக் குடிபெயர்ப்பதாகும். எனவே, வண்டலை எடுக்குமுன் மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம் ஆகிய இரண்டையும் சோதித்தறிவது இன்றியமையாதது. நீரில் என்ன கலந்தது என்பதை மட்டும் கேட்டால் போதாது. அது எந்நிலையில் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.