ரேகைச் சட்டமும் கூடைக்கார அம்மாவும்

ஹிஞ்சேவாடியில் எங்கள் அபார்ட்மெண்டில் போன மாதம் ஒரு சைக்கிள் காணாமல் போனது. கூடை விற்க வரும் குடும்பத்தின் மேல் சந்தேகம். "அவங்க பரம்பரையே அப்படித்தான் சார்" என்றார் பக்கத்து ஃபிளாட் நண்பர் (நம்ம ஊர்க்காரர்தான்). அவர்களை உள்ளே விடக்கூடாது என்று கமிட்டி எழுதிய கடிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். நாலாம் நாள் சைக்கிள் பேஸ்மெண்டில் கிடைத்தது. எடுத்தது மூன்றாம் மாடி ஐ.டி. தம்பதியின் பையன். "சின்னப் பையன், விளையாட்டுக்கு எடுத்துட்டான்" என்பதோடு விஷயம் முடிந்தது. பரம்பரைப் பேச்சையே காணோம்!

அதன்பிறகு ஒருநாள் கேட்டுக்கு வெளியே அந்த அம்மா குழந்தையை அதட்டியது காதில் விழுந்தது. கிட்டத்தட்ட தமிழ்! விசாரித்தால், கைக்காடிகளாம். தலைமுறை தலைமுறையாக மராட்டியத்தில் கூடை முடைகிறவர்கள். அவர்கள் பேச்சு தமிழுக்கு நெருங்கிய சொந்தம்.

1871ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது குற்றப் பரம்பரைச் சட்டம். தச்சன் மகன் தச்சன், அப்படியானால் திருடன் மகன் திருடன். இவ்வளவுதான் அதன் நியாயம். யாரும் எதுவும் செய்திருக்க வேண்டாம், பிறந்த குடும்பம் போதும். 1897ல் வந்த திருத்தம் நாலு வயதுப் பையனைக்கூட பெற்றவர்களிடமிருந்து பிரித்து சீர்திருத்தக் குடியிருப்பில் வைக்க வழி செய்தது. இத்தனைக்கும், ரயிலும் ரோடும் வந்து பொதிமாட்டு வியாபாரம் படுத்ததில் பிழைப்பு போனவர்கள் இவர்களில் நிறையப் பேர். கைக்காடிகளும் பட்டியலில் ஏறினார்கள். சோலாப்பூர் செட்டில்மெண்டில் வேலிக்குள் வாழ்ந்தார்கள். அந்தச் சமூகத்தில் பிறந்த லட்சுமண் மானே 1980ல் எழுதிய 'உபரா' என்ற தன்வரலாறு சாகித்ய அகாடமி விருது வாங்கியது.

1911ல் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எனக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். என் தாத்தா வாலிப வயதில் ராத்திரியானால் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுத்தவர். 1920 ஏப்ரல் 3ல் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த ஜனங்கள் மேல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் அன்றைய சம்பவத்தில் உயிரைவிட்டார்கள். எங்கள் வீட்டில் சோறு ஊட்டும்போது சொன்ன கதை இது.

எங்கள் ஆட்கள் பட்டியலில் இருந்தது அநியாயம், கைக்காடிகள் இருந்ததற்கு மட்டும் ஏதோ காரணம் இருந்திருக்கும் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்கிறது பாருங்கள். ஒரே லெட்ஜரில் இரண்டு விதி. பி.காம். படித்து என்ன பிரயோஜனம்?

சென்னை மாகாணத்தில் 1947லும், நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31லும் அந்தச் சட்டம் ஒழிந்தது. எங்கள் கமிட்டிக் கடிதம் இன்னும் செக்யூரிட்டி மேஜைமேல் ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்து மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அதைக் கிழிக்கச் சொல்லப்போகிறேன். மூன்றாம் மாடிக்காரர்தான் இந்த வருட செக்ரட்டரி.