பழைய காரில் ஊருக்கு: ஃபியட்டா, அம்பாசடரா?

பழைய கார் ஒன்றை வாங்கி, செம்பூரிலிருந்து திருநெல்வேலி வரை ஓட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்று சொன்னால் ஆபீசில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். புதுக் காருக்கு லோன் போட்டுக் கொடுக்கிற ஆளே இப்படிப் பேசினால் என்ன நினைப்பார்கள்!

காரணம் அப்பா. வயது 77. முதுகெலும்பில் தேய்மானம். (தேய்மானம் என்றால் எனக்குக் கணக்குப் புத்தகத்துத் தேய்மானம்தான் தெரியும், இது வேறு.) ரயிலில் இரண்டு ராத்திரி அவரால் முடியாது. விமானத்தில் கூட்டிப்போனால் நினைத்த இடத்தில் இறங்கிக் காலை நீட்ட முடியாது. இப்போதைய சின்னக் கார்களில் அவர் உட்காருவதில்லை, விழுகிறார். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். ஆனால் பங்குனி உத்திரத்துக்கு ஒரு தடவையாவது சாஸ்தா கோயிலில் போய் நிற்க வேண்டும் என்கிறார். "இன்னும் எத்தனை உத்திரம்டா இருக்கு" என்று அவர் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை.

ஆக, நாற்காலி மாதிரி நிமிர்ந்து உட்காரக்கூடிய, காலைத் தரையில் ஊன்றி வைக்கக்கூடிய வண்டி வேண்டும். அப்படிப்பட்ட வண்டிகள் இந்த நாட்டில் 40 வருஷம் ஓடியிருக்கின்றன. அதைத் தேடப் போய்த்தான் இந்தப் பழங்கதை எல்லாம் கையில் சேர்ந்தது.

பம்பாயில் கார் என்றால் ஃபியட். ஏன் ஃபியட் என்று சின்ன வயதில் யாரும் கேட்டதில்லை, தண்ணீர் ஏன் நனைக்கிறது என்று கேட்கிற மாதிரி. பதில் ரொம்பப் பக்கத்தில், குர்லாவில் இருந்தது. வால்சந்த் ஹீராசந்த் ஆரம்பித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். கப்பல், விமானம், கார் மூன்றிலும் கை வைத்த மனிதர் அவர். பெங்களூரில் 1940இல் வந்த ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்டும் அவர் ஆரம்பித்ததுதான். குர்லாவில் முதலில் அமெரிக்க கிரைஸ்லர் கம்பெனி வண்டிகள், 1947இலிருந்து. ஐம்பதுகளின் தொடக்கத்தில் இத்தாலியின் ஃபியட்டோடு கை கோர்த்தார்கள்.

அதற்கு முன்பே பம்பாயில் கார் பூட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே சிவ்ரியில் தொழிற்சாலை வைத்தது. மாட்டுங்காவிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் 1953இல் டாரிஃப் கமிஷன் அறிக்கை வந்தது. பெட்டியில் வரும் பாகங்களைப் பூட்டி விற்கிறவர்களுக்கு இடமில்லை, இங்கேயே செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருங்கள் என்று அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. கார் வாங்குகிறவருக்குக் கடைசியில் மிஞ்சியது மூன்று: குர்லாவில் ஃபியட், கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடர், நம்ம வண்டலூரில் ஸ்டாண்டர்ட்.

மூன்றே மூன்று. வரிசையோ வருஷக்கணக்கு. பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. பி.காம். முதல் வருஷத்தில் தேய்மானம் பற்றிப் படிக்கும்போது, கார் வாங்கிய அன்றிலிருந்து அதன் மதிப்பு குறைந்துகொண்டே போகும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். அந்தக் காலத்து பம்பாயில் அது பொய். கையில் கிடைக்கிற பழைய ஃபியட்டுக்கு, வரிசையில் நின்று வாங்கும் புது ஃபியட்டை விட அதிக விலை கொடுக்க ஆள் இருந்தார்கள். விற்கிறவன் லாபத்தில் விற்ற பழைய பொருள்! எந்தப் பாடப்புத்தகத்திலும் இதற்கு ஜர்னல் என்ட்ரி கிடையாது.

மாட்டுங்காவில் பெரியப்பாவிடம் ஒரு பிரீமியர் பத்மினி இருந்தது. பழைய ஃபியட் 1100 தான் 1974இலிருந்து பத்மினி என்ற பெயரில் வந்தது. 1988 கோடை விடுமுறையில் அதில் ஊருக்குப் போனோம். பெரியவர்கள் நாலு, பொடிசுகள் மூணு. முன்பக்கமும் பெஞ்சு சீட், கியர் ஸ்டியரிங் பக்கத்தில், அதனால் நடுவில் ஒரு பையன் உட்காரலாம். அது நான். செட்டா நகர் முருகன் கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். (தாராவிக்காரர்களுக்கு இந்தச் சொகுசு எல்லாம் ஏது? அவர்கள் நாகர்கோவில் ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு நமக்கு முன்னால் ஊர் சேர்ந்திருப்பார்கள்.)

வாஷி பாலம் தாண்டி, பன்வேல், கோபோலி. போர் காட் ஏற்றத்தில் பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. பெரியப்பா பதறவே இல்லை. பானெட்டைத் திறந்தார், பெரியம்மாவின் பழைய புடவைத் துணியை நனைத்து பெட்ரோல் பம்பின் மேல் சுற்றினார். சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும், அது குளிர்ந்தால் சரியாகிவிடும். ஃபியட் வைத்திருந்த எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் இது. மேலே அமிர்தாஞ்சன் விளம்பரப் பலகையால் பெயர் பெற்ற பழைய பாலம். தைல விளம்பரத்துக்குப் பொருத்தமான இடம்தான்! அந்தப் பாலத்தை 2020 ஏப்ரலில் இடித்துவிட்டார்கள்.

அதன் பிறகு புனே, சாத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, தாவணகெரே, பெங்களூர், சேலம், மதுரை. சுமார் 1600 கிலோமீட்டர். இரு வழிச் சாலை, எதிரே லாரி. மூன்றாம் நாள் ராத்திரி ஊர்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சொகுசு என்று நாம் சொல்வது சீட்டில் மட்டும் இல்லை. ஃபியட்டின் எஞ்சின் 1089 சி.சி. கைக்கு லேசான வண்டி, பம்பாய்ச் சந்துகளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. தொழிற்சாலை குர்லாவில், உதிரிப்பாகமும் குர்லா சி.எஸ்.டி. ரோட்டில். டாக்ஸிக்காரர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. ஆனால் ஏழு பேரோடும் மூட்டையோடும் காட் ஏறும்போது மூச்சு வாங்கும்.

ஊர்ப்பக்கம் டாக்ஸி என்றால் அம்பாசடர். 1957இல் வந்தது, மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட். நெடுங்காலம் 1489 சி.சி. எஞ்சின். சக்கரம் 15 அங்குலம், ஃபியட்டுக்கு 14. ஒரு அங்குலத்தில் என்ன என்று கேட்காதீர்கள், பள்ளத்தில் இறங்கும்போது முதுகுக்குத் தெரியும். பின்சீட் சோபா மாதிரி உயரம், தலைக்கு மேல் தாராளமாக இடம். வேட்டி கட்டிக்கொண்டு ஏறி இறங்கலாம். அரசியல்வாதிகள் விடாமல் வைத்திருந்தது சும்மா இல்லை.

ஸ்டாண்டர்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஆசைதான். நம்ம ஊர்ச் சரக்கு. 1961இல் வந்த ஹெரால்ட் அழகான வண்டி, ஆனால் அஞ்சு பேர் குடும்பத்துக்கு அது கைக்குட்டை. 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று பெரிய கார் கொண்டுவந்தார்கள். உடம்பு நவீன ரோவர், உள்ளே பழைய எஞ்சின். 1988இல் கதை முடிந்தது.

கான்டெஸா என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். 1984இல் வந்தது, பின்னால் இசுஸு 1.8 எஞ்சின் வைத்த பிறகு உண்மையிலேயே நெடுஞ்சாலை வண்டி. மிதக்கும். ஆனால் சீட் தாழ்வு. அப்பாவுக்கு ஆகாது. 2002இல் நிறுத்திவிட்டதால் அதற்கே உரிய பாகங்களைத் தேடி அலைய வேண்டும்.

என் கணக்கு இப்போது ஒரே வண்டியில் வந்து நிற்கிறது. 1992க்குப் பிறகு வந்த, இசுஸு 1.8 பெட்ரோல் எஞ்சினும் அஞ்சு கியரும் உள்ள அம்பாசடர். பழைய உடம்பு, ஜப்பான் இதயம். டீசல் வேண்டாம், அந்தச் சத்தத்தில் 1600 கிலோமீட்டர் போனால் அப்பாவின் முதுகு பிழைத்தாலும் என் காது பிழைக்காது. அம்பாசடர் 2014 மே வரை தயாரானதால் ஸ்பிரிங் பட்டை, பிரேக் சாமான் இன்னும் கிடைக்கின்றன. சேலத்திலோ மதுரையிலோ வண்டி நின்றால் கை வைக்கத் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக் இருப்பார். பத்மினிக்கு அந்த பலம் இங்கேயே போய்விட்டது. 2003இல் பதிவான கடைசி பத்மினி டாக்ஸிக்கு 20 வருஷம் முடிந்து, 2023 அக்டோபர் 30 முதல் மும்பைத் தெருவில் பத்மினி டாக்ஸியே இல்லை. டாக்ஸி போனால் மெக்கானிக்கும் போவார்.

செலவுப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 15 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாய் இருந்தது. 2022 ஏப்ரல் முதல் 5000. 20 வயது தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். இங்கே பசுமை வரி தனி. பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால், அது பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். குழாய், பம்ப் டயாஃப்ரம் எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே மாற்றியாக வேண்டும். பின்சீட்டுக்கு பெல்ட் போட வேண்டும், தலைக்குத் தாங்கல் வைக்க வேண்டும். நாலு வழிச் சாலையில் இன்று எல்லோரும் 100க்கு மேல் பறக்கிறார்கள். நான் இடது பக்கமாக 70இல் போவேன், வீட்டில் எழுதியே கொடுத்துவிட்டேன்.

கோலாப்பூரில் ஒரு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். 1996 மாடல், வெள்ளை, ஒரே கை. மகாராஷ்டிரப் பதிவு என்பதால் வேறு மாநிலத் தடையில்லாச் சான்று, வரித் தொல்லை இல்லை. அடுத்த சனிக்கிழமை வங்கி விடுமுறை, தூக்கி அடியில் துரு பார்க்க எங்கள் மெக்கானிக்கும் வருகிறார். அப்பாவும் வருகிறேன் என்கிறார், பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். பங்குனி உத்திரம் சரியாக மார்ச் கணக்கு முடிப்போடு வந்து மோதும். லீவு கேட்டு மேனேஜரிடம் இன்னும் பேசவில்லை.