நெஞ்செரிவு சொல்லும் கதை: மானிப்பாய் முதல் வில்லாவுட் வரை



வில்லாவுட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இரவு ஒரு மணிக்குக் கட்டிலில் எழும்பி இருக்கிறாள். படுத்தால் புளித்தண்ணி தொண்டை வரைக்கும் வருகிறது. ஊரில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னால், "பிள்ளைக்குத் தலைமயிர் அடர்த்தி, அதுதான் நெஞ்சு எரியுது. பொறுத்துக்கொள் மோனை" என்கிறார். இது எங்கள் வீடுகளில் பலர் கேட்ட பதில். இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. இம்மாதம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் தலைமயிர்க் கதை. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் இது மூடநம்பிக்கை என்று காட்டுவதற்காகவே 64 கர்ப்பிணிகளிடம் விசாரித்தார்கள். 2006 இல் வெளிவந்த முடிவு அவர்களையே வியக்க வைத்தது. கடுமையாக நெஞ்செரிந்த தாய்மாரில் பெரும்பாலானவர்களின் பிள்ளைகளுக்குத் தலைமயிர் கூடத்தான் இருந்தது. கர்ப்பகாலத்தில் கூடும் ஹோர்மோன்களே இரண்டுக்கும் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் எங்கள் ஆச்சிமார் வெறும் கதை பேசவில்லை என்று தெரிகிறது. அவர்கள் சொன்னதில் நாங்கள் திருத்தவேண்டியது ஒன்றே ஒன்று: "பொறுத்துக்கொள்" என்ற சொல்.

ஏன் எரிகிறது? இரைப்பைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஒரு தசைவளையம் கதவு போல இருக்கிறது. கர்ப்பகாலத்தில் புரொஜெஸ்ரரோன் என்ற ஹோர்மோன் அந்தத் தசையைத் தளர்த்துகிறது. மாதம் ஏற ஏற, வளரும் கருப்பை இரைப்பையை மேல்நோக்கி அழுத்துகிறது. அமிலம் மேலே வருகிறது. இது தாயின் குற்றமுமல்ல, சமைத்தவரின் குற்றமுமல்ல.

ஊரிலே இதற்குக் கைமருந்து அடுக்களையில் இருந்தது. சீரகத் தண்ணீர், மல்லித் தண்ணீர், மோர், ஓமம் என்று வீட்டுக்கு வீடு ஒரு முறை. அதைவிடப் பெரிய மருந்து, வேளைக்குக் கொஞ்சமாக, விரும்பிய நேரத்தில் சமைத்துக் கொடுக்க ஆள் இருந்ததுதான்.

ஆங்கில வைத்தியம் எங்கள் தாய்மாரைத் தமிழிலேயே வந்து சேர்ந்தது என்பது பெருமைப்படத்தக்க செய்தி. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, எங்கள் இளைஞர்களுக்கு வைத்தியம் கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கினார். அவற்றுள் முன்னதாக வந்தவற்றில் ஒன்று 1857 இல் வெளியான மகப்பேற்று நூல். பிறகு 1898 இல் இணுவிலில் பெண்களுக்காகவே மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. தன் வருத்தத்தைத் தன் மொழியில் சொல்லிப் பதில் பெறுவது எவ்வளவு முக்கியம் என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில்தான் கடை மருந்துகளும் பரவின. 1829 இல் அயர்லாந்து வைத்தியர் ஜேம்ஸ் மறே தாம் செய்த திரவ மக்னீசியாவைப் பயன்படுத்தினார். 1873 இல் சாள்ஸ் பிலிப்ஸ் 'மில்க் ஒஃப் மக்னீசியா'வுக்குக் காப்புரிமை பெற்றார். ஈனோ உப்பும் எங்கள் வீட்டு அலுமாரிகளுக்கு வந்து சேர்ந்தது.

இனி நாங்கள் வாழும் வில்லாவுட்டுக்கு வருவோம். 1949 இல் இங்கே குடியேறிகள் விடுதி திறக்கப்பட்டது. போரினால் வீடிழந்த ஐரோப்பியர் தகரக் கொட்டகைகளில் தங்கினார்கள். பொது மண்டபத்தில் குறித்த நேரத்தில் கொடுத்ததைச் சாப்பிடவேண்டும். ஆட்டிறைச்சி வாடையைப் பற்றி அக்காலக் குடியேறிகள் பலர் சொல்லிவைத்திருக்கிறார்கள். 1976 இல் அதே இடத்தில் தடுப்பு நிலையம் வந்தது. பின்னாளில் எம்மவர் பலரும் அதற்குள் நாட்களை எண்ணினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடுவதே நெஞ்செரிவுக்கு முதல் மருந்து. சொந்த அடுப்பு இல்லாதவளுக்கு அந்த மருந்தே கிடையாது. அவளுக்கு மிஞ்சுவது குளிசைதான்.

குளிசை பற்றிய பெரிய பாடம் இதே சிட்னியில்தான் கிடைத்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்குத் 'தலிடொமைட்' என்ற மருந்து பாதுகாப்பானது என்று சொல்லி விற்கப்பட்டது. சிட்னி கிறவுண் வீதி மகளிர் வைத்தியசாலையின் வைத்தியர் வில்லியம் மக்பிறைட், அது கருவைப் பாதிக்கிறதோ என்று 1961 டிசம்பரில் 'லான்செற்' இதழுக்கு எழுதினார். ஜேர்மனியில் வைத்தியர் லென்ஸ் என்பவரும் அதையே கண்டறிந்திருந்தார். அதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பாதிக்கப்பட்டுவிட்டார்கள். 2023 நவம்பர் 29 இல் அவுஸ்திரேலியப் பிரதமர் பாராளுமன்றத்தில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

கதை அத்தோடு முடியவில்லை. அதே மக்பிறைட், பிறகு 'டெபென்டொக்ஸ்' என்ற இன்னொரு குமட்டல் குளிசையையும் குற்றம் சாட்டினார். வழக்குகள் பெருகி, 1983 இல் அதன் உற்பத்தி நின்றது. 1987 இல் ஏபிசி வானொலியில் நோர்மன் சுவான் ஒரு நிகழ்ச்சி செய்தார். மக்பிறைட் தம் விலங்குப் பரிசோதனைக் கணக்குகளை மாற்றியிருந்தார் என்பது அம்பலமாயிற்று. 1993 இல் வைத்தியர் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. டெபென்டொக்ஸின் இரண்டு மூலப்பொருட்களும் சேர்ந்த மருந்துக்கு 2013 இல் அமெரிக்கா மீண்டும் அனுமதி கொடுத்தது. வீண் பயத்தினால் முப்பது வருடம் அந்நாட்டுத் தாய்மாருக்கு அந்த மருந்து இல்லாமற் போனது. கேளாமல் குளிசை போடுவதும் பிழை, எல்லாக் குளிசைக்கும் பயந்து வருந்துவதும் பிழை. இதுதான் இந்த வரலாறு தரும் பாடம்.

ஆகவே இன்று செய்யக்கூடியவை சில. சாப்பாட்டைச் சிறு சிறு வேளைகளாகப் பிரியுங்கள். உறைப்பு, பொரியல், கோப்பி யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ அவர் குறைக்கட்டும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணித்தியாலம் படுக்கவேண்டாம். தலைமாட்டை உயர்த்தி, இடப்பக்கம் சரிந்து படுங்கள். இவை போதாவிட்டால் கல்சியம் சேர்ந்த அமிலநீக்கிகளும் 'கவிஸ்கொன்' போன்றவையும் பொதுவாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படுகின்றன. வைத்தியரையோ மருந்தாளரையோ கேட்டு எடுங்கள். இரும்புச்சத்துக் குளிசையையும் அமிலநீக்கியையும் ஒரே நேரத்தில் விழுங்கவேண்டாம், இரண்டு மணித்தியால இடைவெளி விடுங்கள். ஈனோவிலும் அப்பச்சோடாவிலும் சோடியம் அதிகம், கர்ப்பகாலத்தில் தாமாக எடுப்பது நல்லதல்ல. ஊரிலிருந்து வந்த பழைய 'ரனிற்றிடின்' பைக்குள் கிடந்தால் மருந்தகத்தில் ஒப்படையுங்கள். மாசு கலந்த காரணத்தால் 2020 இல் அது இங்கே மீளப்பெறப்பட்டது.

மிக முக்கியமானது ஒன்று. இருபது வாரத்துக்குப் பிறகு மேல்வயிற்றில், குறிப்பாக வலப்பக்க விலாவுக்குக் கீழே நோவு, கடும் தலையிடி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குதல் என்று வந்தால், அதை நெஞ்செரிவு என்று பொறுத்திருக்க வேண்டாம். இரத்த அழுத்தம் ஏறும் ஆபத்தான நிலையாக இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். மொழி தடையென்றால் 131 450 என்ற தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் என்று சொல்லுங்கள்.

"பொறுத்தார் பூமியாள்வார்" என்பது நல்ல பழமொழிதான். எங்கள் தாய்மார் பங்கருக்குள்ளும் முகாமிலும் தேவைக்கு மேலே பொறுத்துவிட்டார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இங்கே மகளுக்கு வழி இருக்கிறது. அடுத்த முறை அவள் இரவில் தொலைபேசி எடுத்தால், தலைமயிர்க் கதையைச் சொல்லிச் சிரிக்க வையுங்கள். பிறகு, "நாளைக்கு வைத்தியரிட்டைக் கேள் மோனை" என்றும் சொல்லுங்கள்.