பங்சார்: ஒற்றைப் பட்டாவில் விளைந்த செல்வம்

கோலாலம்பூரின் வசதிமிக்க குடியிருப்புகளைச் சொல்லத் தொடங்கினால் பங்சார் முதல் மூச்சிலேயே வந்துவிடும். புக்கிட் பண்டாராயா மேட்டுப் பங்களாக்கள், தெலாவித் தெருக்களின் உணவகங்கள், ஜாலான் மாரோஃப் சாலையை மொய்க்கும் விலையுயர்ந்த கார்கள் எல்லாம் நகரின் மையத்திலிருந்து சில கிலோமீட்டருக்குள் அடங்கியவை. இந்த வளத்துக்கு மேட்டு நிலமும் நகர அருகாமையும் காரணம் என்பது பரவலான விளக்கம். இரண்டும் உண்மைதான், ஆனால் போதாது. நகரின் விளிம்பில் பெரும் பரப்பு ஒன்று கம்பெனிக் கையில் சிதறாமல் இருந்ததும், அதில் குடியிருந்து உழைத்த தமிழர்களுக்கு அம்மண்ணில் எந்த உரிமையும் இல்லாதிருந்ததுமே பங்சாரை இன்றைய பங்சாராக்கின. தோட்டத்தின் நில அமைப்பே பிற்கால நகரச் செல்வத்தின் அமைப்பையும் வகுத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1906இல் லண்டனில் தொடங்கப்பட்ட கோலாலம்பூர் ரப்பர் கம்பெனியிடம் நகரைச் சுற்றி ஐந்து தோட்டங்கள், ஏறத்தாழ 2,690 ஏக்கர் இருந்தன. அவற்றின் பிரிவுகளில் ஒன்று, நகரின் தென்மேற்கு எல்லையிலிருந்த பங்சார்க் குன்றுகள். பிரிக்பீல்ட்ஸ் பக்கமிருந்து கிளம்பிய பங்சார் சாலை இத்தோட்டத்தில்தான் போய் முடிந்தது. பின்னர் இவ்வட்டாரத் தோட்டத் தொழிலில் சொக்ஃபின் என்ற பெல்ஜியத் தொடர்புள்ள நிறுவனமும் கால்பதித்தது. மலாயாவின் மற்றத் தோட்டங்களைப் போலவே இங்கும் உழைப்பு தமிழகத்திலிருந்து வந்தது. 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றது, கங்காணி ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தார். விடியுமுன் பிரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பு, பிறகு பால்மர வெட்டு, மாலையில் லயத்து வீடு என்று தலைமுறைகள் கழிந்தன. இந்த ஒழுங்கில் ஒரு கூறு நம் வாதத்துக்கு முக்கியமானது. லயத்து வீடு சம்பளத்தின் ஒட்டு. வேலை போனால் வீடும் போகும். அறுபது ஆண்டுகள் ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கும் நில அலுவலகப் பதிவேட்டில் ஒரு வரிகூடக் கிடையாது.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டத் துண்டாடலை ஆராய்ந்த உங்கு அசிஸின் அறிக்கை அதன் வேகத்தையும் தொழிலாளர் பட்ட பாட்டையும் பதிவு செய்தது. தொலைவிலிருந்த தோட்டங்கள் சிறு நிலங்களாகச் சிதறின. நகரை ஒட்டியிருந்தவற்றின் கதை வேறு. எஃபிங்ஹாம் தோட்டத்தில் 1950களின் தொடக்கத்தில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது. பங்சாரில் 1960களிலும் 1970களிலும் பங்சார் பார்க், லக்கி கார்டன், பங்சார் பாரு என்று வீடமைப்புப் பகுதிகள் வரிசையாக எழுந்தன. வீடமைப்பாளர் பேச வேண்டியது ஒரு கம்பெனியிடம் மட்டும். நூறு சிற்றுடைமையாளரிடம் கையெழுத்து வாங்கும் தொல்லை இல்லை. ஆகவே சாலை, வடிகால், மனை அளவு எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில் வகுக்க முடிந்தது.

மேட்டு நிலமும் அருகாமையுமே போதுமான காரணங்கள் என்பார்க்கு அண்டைப் பகுதிகளே பதில். பிரிக்பீல்ட்ஸ் நகருக்கு இன்னும் அருகில் இருக்கிறது. ஆனால் அங்கே கடைவரிசைகள் சிறு உடைமைகளாகவும் கோயில், தேவாலய, பௌத்த விகார நிலங்களாகவும் பிரிந்து கிடந்தன. அதனால் அது பல தரப்பினர் கலந்து வாழும் வட்டாரமாகவே நீடித்தது. அதே பிரிக்பீல்ட்ஸில் ஒரே கையில் இருந்த 72 ஏக்கர் ரயில்வே நிலமோ கே.எல். சென்ட்ரலாகி வானுயர்ந்தது. பங்சாருக்குக் கீழே, சுமத்ராவின் கெரிஞ்சியிலிருந்து வந்த ஹாஜி அப்துல்லா ஹுக்கூமின் பெயர் தாங்கிய கம்பத்தைப் பாருங்கள். தொடுதூரத்தில் இருந்தும் நெடுங்காலம் அது எளியோர் இடமாகவே இருந்தது. மக்களை அகற்றி நிலத்தை ஒன்றாக்கிய பிறகுதான் அங்கே கே.எல். ஈக்கோ சிட்டி வந்தது. கம்போங் கெரிஞ்சியின் ஒரு பகுதி பங்சார் சவுத் என்ற விற்பனைப் பெயரைச் சுமந்ததும், மக்கள் எதிர்ப்புக்குப் பின் 2018இல் பழைய பெயர் மீட்கப்பட்டதும் நினைவிருக்கும். குன்று அப்படியேதான் இருந்தது, உடைமையின் வடிவந்தான் மாறியது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பங்சாரின் தொடக்ககால வரிசை வீடுகளை வாங்கியவர்களில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் நிறைய, கோடீசுவரர்கள் பிறகு வந்தவர்கள் என்பது அது. ஒப்புக்கொள்ள வேண்டிய செய்தி. அந்த நடுத்தர வர்க்கத்தில் தமிழர்களும் இருந்தார்கள். ஸ்ரீ நாகேஸ்வரி அம்மன் கோயிலும் ஜாலான் பங்சார் தமிழ்ப்பள்ளியும் அங்கே தமிழர் வாழ்வு அற்றுப்போகவில்லை என்பதற்குச் சாட்சிகள். ஆனால் இது வாதத்தைத் தளர்த்தவில்லை, கூர்மையாக்குகிறது. சாதாரணச் சம்பளக்காரர் வாங்கிய வீடு இன்று பல மடங்கு விலை பெறுகிறது. அந்த ஏற்றம் முழுவதும் பட்டா வைத்திருந்தவரின் பேரப்பிள்ளைகளுக்குப் போயிற்று. லயத்தில் இருந்தவருக்கும் அன்று ஒரு சிறு மனை கிடைத்திருந்தால் அதே ஏற்றம் அவர் குடும்பத்தையும் தூக்கியிருக்கும். அக்காலத்தில் யாரும் அப்படி நினைத்துப் பார்க்கவில்லை என்று சொல்லவும் வழியில்லை. துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், மாதம் பத்து வெள்ளி தவணையில் தொழிலாளரையே தோட்ட உடைமையாளராக்கியது. வழி தெரிந்திருந்தது, நகர ஓரத்து நிலவிலைதான் அதற்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய அரசு நிரப்பவில்லை என்பதே என் முடிவு. 1980களின் தொடக்கத்தில் புக்கிட் கியாரா தோட்டக் குடும்பங்கள் தற்காலிகம் என்று சொல்லப்பட்டு ரூமா பாஞ்சாங் எனும் நீள்வரிசை வீடுகளில் குடியமர்த்தப்பட்டு, பல பத்தாண்டுகள் அங்கேயே காத்திருந்தது அதே தவறின் தொடர்ச்சி.

ஷா ஆலம் இந்த வரலாற்றுக்கு வெளியே இல்லை. 1978இல் சிலாங்கூரின் தலைநகராக அறிவிக்கப்பட்ட இந்நகரம் சுங்கை ரெங்காம் தோட்டத்தின் மீது எழுந்தது. சுற்றுவட்டாரத்தில் தோட்டங்கள் புதுநகர்களாவது இன்றும் நிற்கவில்லை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் வேலையில் இருக்கும்வரைதான் கூரை தருகிறது, உடைமை தருவதில்லை. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும் என்கிறது தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவு. அந்த ஒப்புதலுக்கு முன்பே, அதே தோட்ட நிலத்தில், தொழிலாளர் பெயரில் பட்டாவுடன் வீடு எழுதித் தரப்பட வேண்டும். சிலாங்கூர் அரசு இதைத் தளராத நிபந்தனையாக்க வேண்டும். நம் சட்டமன்ற உறுப்பினர்கள் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.