ஒரே கூலர், இரண்டு ஊர் அழுக்கு

ஸ்க்ரூ கம்ப்ரஸரின் ஆயில் கூலர் பார்க்க எளிமையான பொருள். மெல்லிய அலுமினிய ஃபின்களின் இடுக்கில் ஃபேன் காற்றைத் தள்ள, உள்ளே ஓடும் ஆயில் தன் சூட்டை அந்தக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. இடுக்கு அடைத்தால் சூடு தேங்கும். பத்து டிகிரி ஏறினால் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் ஏற்ற கணக்கு. இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை துடையுங்கள் என்று கையேடு சொல்லும். இடுக்கில் எந்த அழுக்கு வந்து உட்காரும் என்பதை அது சொல்லாது. திருவனந்தபுரத்தின் 'சாலை' கடைத்தெருவையும் திருப்பூரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

திருப்பூரில் பஞ்சுதான் எதிரி. பின்னலாடை ஆலையில் மிதக்கும் பஞ்சு இழைகள் கூலரின் முகத்தில் படிந்து, கம்பளி மாதிரி ஒரு போர்வையாகும். விரலால் பிடித்து இழுத்தால் துண்டாகவே உரிந்து வரும். அது மேலேயே நிற்பதால் கண்ணுக்குத் தெரியும், ஏர் கன்னுக்கும் மசியும். காற்று உள்ளே வந்த வழிக்கு எதிர்ப்பக்கமிருந்து ஊத வேண்டும். வந்த திசையிலேயே ஊதினால் பஞ்சு ஆழத்துக்குப் போய்விடும். இதில் அருமையான வித்தை ஒன்றுமில்லை, அடிக்கடி செய்ய வேண்டும், அவ்வளவே. ஆயில் கசிவை மட்டும் ஒருநாளும் விடக்கூடாது. எண்ணெயில் ஊறிய பஞ்சு தீப்பிடிக்கும் திரி.

சாலையின் அழுக்கு வேறு ஜாதி. ராஜா கேசவதாசன் திருவிதாங்கூர் திவானாக இருந்தபோது, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருவான இந்தக் கடைத்தெரு இன்றும் மசாலாவுக்கும் பலசரக்குக்கும் பேர்போனது. இப்படிப்பட்ட இடத்தில் மிளகாய் அரைத்துப் பாக்கெட் போடும் ஒரு கூடத்துக்குப் பக்கத்தில் கூலர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய்ப் பொடியிலும் கொப்பரைத் தூளிலும் எண்ணெய் உண்டு. அந்தத் தூள் ஃபின்னில் ஒட்டும், ஆயில் சூட்டில் வெந்து பிசினாகும். ஏர் கன்னால் ஊதினால் மேல்தூள் பறந்து கண்ணை எரிக்கும், அடிப்படிவம் அசையாது. இங்கே தண்ணீர்தான் வழி. மிஷினை நிறுத்தி, ஆறவிட்டு, மோட்டாரை மூடிவைத்து, காரமில்லாத சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, குறைந்த அழுத்தத்தில், ஃபின்னுக்கு நேராகக் கழுவ வேண்டும். சாய்த்து அடித்தால் ஃபின் மடங்கிவிடும். பிசின் போகவில்லையே என்று காஸ்டிக் சோடா கலப்பதுதான் பெரிய ஆபத்து. அது பிசினோடு அலுமினியத்தையும் தின்னும்.

இன்னொன்று, கடல். சாலையிலிருந்து கரை சில கிலோமீட்டர்தான். உப்புக் காற்று ஈரத்தோடு ஃபின்னில் தங்கி, அலுமினியத்தில் ஊசிமுனைக் குழிகளைப் போடும். அதனால் இங்கே கூலர் சுத்தமாகத் தெரிந்தாலும் நல்ல தண்ணீரில் அலசுவது பயன் தரும். திருப்பூரில் அந்த அவசியம் இல்லை.

ஈரத்தைப் பற்றிய கடைசிக் கணக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றை 7 பார் வரை அழுத்தினால், சுமார் 67 டிகிரிக்குக் கீழே அதிலிருந்து தண்ணீர் பிரியத் தொடங்கும். 34 டிகிரி, 40 விழுக்காடு என்ற வறண்ட காற்றுக்கு அந்த எல்லை 57-க்குப் பக்கத்தில். கூலர் அடைத்தால் ஆயில் கெடும் என்பது இரு ஊருக்கும் பொது. ஆயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் தண்ணீர் கலந்து பேரிங் கெடும் என்பது மழைக்காலச் சாலைக்குக் கூடுதல் கவலை. ஆயில் சூடேறும்வரை அதைக் கூலருக்கு விடாமல் திருப்பும் தெர்மோஸ்டாட் வால்வு இதற்காகத்தான் இருக்கிறது. சூடு ஏறுகிறதே என்று அதைக் கழற்றி எறியாமல், கூலரைக் கழுவ வேண்டும்.